பேப்பரில வந்த பலியும் பூசையில வந்த பலியும்

எங்கட பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணா எண்டு தம்பியவை கேட்டு ரெண்டு மாசமாச்சு. விளையாட்டுப்போட்டி, பரிசளிப்பு விழா பற்றி எழுத நிறையப் பேர் இருக்கினம், நான் எங்கட சமய பாடத்தைப் பற்றித்தான் எழுதப்போறன், ஏனெண்டா அந்தப் பாடத்தில ஒருத்தன் கேட்ட ஒரு கேள்வி இண்டைக்கும் என்னோடயே திரியுது.

1997ஆம் ஆண்டு, நாங்கள் ஓஎல் எண்ட சாதாரண தரச் சோதினை வகுப்பு. அதுக்கு முதல் வருசம் சண்டையால கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்து, வேற ஒரு பள்ளிக்கூடத்து வளவில பின்னேர நேரம் கிடுகுக் கொட்டிலுக்குள்ள எங்கட பள்ளிக்கூடம் நடந்தது உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சமய பாடம் வந்தா சைவப் பிள்ளையள் கொட்டிலுக்குள்ள இருப்பினம், வேதக்காரப் பிள்ளையள் நாங்கள் 11 பேரும் வாங்கைத் தூக்கிக்கொண்டு பாலைமரத்துக்குக் கீழ போயிடுவம். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் சோதினைக்கு வேற வேற பாடம், ஆனா எங்களுக்குச் சேர் ஒராள்தான். பேர் எழுதேல்ல, படிச்ச ஆக்களுக்குத் தெரியும்.

அப்ப கொப்பிக்கு உறை போட பிறவுண் பேப்பர் கிடைக்காது, பழைய பேப்பர்தான். எங்கட வகுப்புப் பெடியன் ஒருத்தன்ர சமயக் கொப்பியில மேல் உறையில பெரிய எழுத்தில "செல் வீச்சில் குடும்பம் பலி" எண்டு கிடந்தது, செல் எண்டா பீரங்கிக் குண்டு. அண்டைக்குச் சேர் நற்கருணை, பூசையில அப்பமும் இரசமும் யேசுவின்ர உடலும் இரத்தமுமா வாங்கிறது, அதைப் பற்றிப் படிப்பிச்சுக்கொண்டு நிக்கிறார், பூசையைத் திருப்பலி திருப்பலி எண்டு நாலஞ்சு தரம் சொல்லிப்போட்டார், இவன் எழும்பி கொப்பி உறையில விரலை வைச்சு, "சேர், பேப்பரில போடுற பலியும் பூசையில சொல்லுற பலியும் ஒண்டோ?" எண்டு கேட்டான். ஒருத்தரும் சிரிக்கேல்ல. அவன்ர சித்தி குடும்பம் அந்த வருசம்தான் செத்தது, எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

சேர் கொப்பியை வாங்கிப் பாத்தார். கனநேரம் பாத்தார். "அடுத்த கிழமை சொல்லுறன் அப்பு" எண்டு மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை வந்து வேள்வியில தொடங்கினார். எங்கட ஊர்ப் பக்கம் வேள்விக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்ட முதல் மஞ்சத்தண்ணி தெளிப்பினம், அது தலையைச் சிலுப்புமட்டும் கத்தியோட ஆள் பாத்துக்கொண்டு நிக்கும். சின்ன வயசில நானும் வேலிக்குள்ளால பாத்திருக்கிறன், கிடாய் சிலுப்பாம நிண்டா சனம் மூச்சு விடாது. "ஏன் நிக்கினம்?" எண்டு சேர் கேட்டார். சம்மதத்துக்கு எண்டம். "ஓம். வாயில்லாச் சீவனிட்டக் கூடச் சம்மதம் கேட்டுத்தான் பலி. சம்மதம் இல்லாட்டி அது பலி இல்லை எண்டு எங்கட சனத்துக்குத் தெரியும்" எண்டார். ஒரு வேதக்கார வாத்தியார் வேள்வியைப் பற்றி இப்பிடி மரியாதையாக் கதைச்சதை நான் அதுக்கு முதல் கேட்டதில்லை, எங்கட வீட்டில அதைப் பேய்க்கூத்து எண்டுதான் சொல்லுவினம்.

பேந்து பைபிளில லேவியர் நூல் 17ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். உடலின்ர உயிர் இரத்தத்தில இருக்கு எண்டு அதில வருது. பைபிளில இரத்தம் எண்டா உயிர், உயிர் எண்டா கடவுளின்ர சொத்து, அதுதான் யூதர் இரத்தத்தைச் சாப்பிடவே கூடாது, வேட்டையில பிடிச்ச சீவனின்ர இரத்தத்தை நிலத்தில ஊத்தி மண்ணால மூடவேணும். கடவுளுக்கு இரத்தத் தாகம் எண்டு நினைக்கிற ஆக்கள் இந்த இடத்தை வாசிக்கிறேல்ல. பீடத்தில இரத்தம் தெளிக்கிறது ஒரு உயிரை அதின்ர சொந்தக்காரனிட்டத் திருப்பி ஒப்படைக்கிற மாதிரி. அந்தச் சனம் எகிப்தில இருந்து வெளிக்கிட்ட இரவு பழுதில்லாத ஒரு வயசுக் கிடாய், செம்மறியா இருந்தாலும் சரி வெள்ளாடா இருந்தாலும் சரி, அதின்ர இரத்தத்தை ஈசோப்புத் தழையில தோய்ச்சு நிலைக்கதவில பூசினதும் அப்பிடித்தான், இந்த வீட்டுக்குப் பதிலா ஒரு உயிர் குடுத்தாச்சு எண்ட அடையாளம். பாவக்கழுவாய் நாளில ரெண்டு வெள்ளாடு, ஒண்டின்ர இரத்தம் பரிசுத்த இடத்துத் திரைக்கு உள்ள போகும், மற்றதின்ர தலையில பெரிய குரு ரெண்டு கையையும் வைச்சுச் சனத்தின்ர பாவத்தையெல்லாம் சொல்லி உயிரோட வனாந்தரத்துக்கு அனுப்புவார். இரத்தம் சிந்தாம மன்னிப்பில்லை எண்டு எபிரேயர் நிருபத்தில 9ஆம் அதிகாரத்தில இருக்கு, அதைத்தான் எல்லாரும் சொல்லுவினம், ஆனா அடுத்த அதிகாரத்திலயே ஆட்டு மாட்டு இரத்தத்தால பாவம் போகாது எண்டும் இருக்கு, சேர் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில எழுதுவிச்சார்.

ஏன் போகாது? ஆட்டுக்குத் தெரியாது, அதிட்ட ஒருத்தரும் உண்மையாக் கேக்கேல்ல. சிலுப்பினது தண்ணி பட்ட கூச்சத்தில எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் எண்டார் சேர். யேசு அப்பிடியில்லை. யோவான் 10இல, என்ர உயிரை ஒருத்தரும் என்னட்ட இருந்து பறிக்கேல்ல, நானாத்தான் குடுக்கிறன் எண்டு சொல்லுறார். சாகிறதுக்கு முதல் நாள் கெத்செமனித் தோட்டத்தில இரவிரவா வேர்த்து, இரத்தத் துளி மாதிரி வேர்வை நிலத்தில விழ, இந்தத் துன்பக் கிண்ணம் வேண்டாம் எண்டு கேட்டு, கடைசியில உம்மட விருப்பம் எண்டு சொன்னதுதான் அந்தச் சம்மதம். கெத்செமனி எண்டா எண்ணெய் பிழியிற செக்கு எண்டு அர்த்தமாம். பெரிய வெள்ளிக்குச் சிலுவையை முத்தி செய்யேக்க எல்லாரும் ஆணியைப் பாப்பினம், நான் அண்டையில இருந்து வியாழன் இரவைத்தான் நினைக்கிறன். குடுக்கிற குருவும் அவர்தான், குடுபடுற பலியும் அவர்தான். அதால ஒரே தரம் போதும், திருப்பித் திருப்பி வெட்டத் தேவையில்லை. இரத்தத்தைத் தொடவே கூடாத சனத்துக்கு என்ர இரத்தத்தைக் குடியுங்கோ எண்டு அவர் சொல்லேக்க கனபேர் விட்டிட்டுப் போனது ஏனெண்டும் அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, அவர் தன்ர உயிரையே உள்ளுக்கு எடுங்கோ எண்டு சொல்லியிருக்கிறார்.

எங்கட பெடியன் விடேல்ல. "அப்ப என்ர சித்தியவை?"

சேர் தொடக்கநூல் 4ஐ எடுத்தார். ஆபேல் பலி குடுத்தவன், ஆனா ஆபேலே பலி இல்லை. அவன்ர சம்மதம் ஒருத்தரும் கேக்கேல்ல, அண்ணன்காரன் காயின் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அடிச்சுக் கொண்டவன். அதுக்குப் பைபிளில பேர் கொலை. உன்ர தம்பியின்ர இரத்தம் நிலத்தில இருந்து என்னைக் கூப்பிடுது எண்டு கடவுள் காயினிட்டச் சொல்லுறார். "உன்ர சித்தியவையின்ர இரத்தமும் கூப்பிடும் அப்பு, அவர் அதைக் கேப்பார். ஆனா பலி எண்டு அதைச் சொல்லாதை, யாரோ கடவுளுக்குக் குடுத்த மாதிரி ஆயிடும்" எண்டார். சொல்லேக்க சேரின்ர குரல் அடைச்சுப்போச்சு. யேசுவின்ர இரத்தம் ஆபேலின்ர இரத்தத்தை விட நல்லாப் பேசுது எண்டு எபிரேயர் 12இல இருக்கிறதை அவர் அண்டைக்குச் சொல்லேல்ல, ஒரு மாசத்துக்குப் பிறகுதான் சொன்னார். மன்னிக்கச் சொல்லுறதுக்கு அவசரப்படக்கூடாது எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, இப்ப நானும் மறைக்கல்வி படிப்பிக்கிறன், எனக்கு அந்தப் பொறுமை இன்னும் வரேல்ல.

1999 நவம்பர் 20. மடு மாதா கோயிலில அடைக்கலம் எண்டு வந்து இருந்த சனத்துக்கு மேல செல் விழுந்து 30 பேருக்கு மேல செத்தது. மாதாவைத் தேடி வந்த சனம். பேப்பரில திரும்பியும் அதே சொல். நான் அப்ப ஏஎல், உயர்தர வகுப்பு. அந்த நாளுகளில ஆஸ்பத்திரிக்கு இரத்தம் வேணும் எண்டு சொல்ல நானும் ரெண்டு கூட்டாளியளும் சைக்கிளில போனம், அங்க எங்களுக்கு முன்னம் சேர் வாங்கில இருக்கிறார். அவருக்கு உடம்பில இரத்தம் காணாது எண்டு எடுக்க மாட்டம் எண்டிட்டினம், ஆனா வீட்ட போகாம இருக்கிறார். நேர்ஸ் அக்கா ஊசியைக் கையில வைச்சுக்கொண்டு "சம்மதம்தானே தம்பி?" எண்டு கேட்டவ. குழாய் கையில முட்டேக்க இளஞ்சூடா இருந்தது, என்ர இரத்தத்தின்ர சூடு எண்டு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. எழும்பி வர சேர் ஒண்டும் கதைக்கேல்ல, பிளேன்ரீயும் ஒரு பனங்கட்டித் துண்டும் கையில தந்தார்.

சேர் இப்ப இல்லை. அந்தப் பெடியன் பிரான்சில பிள்ளைகுட்டியோட இருக்கிறான், பெரிய வெள்ளிக்கு எடுத்துக் கதைப்பான்.

இப்ப மலர்க் குழுத் தம்பியவையிட்ட ஒண்டு கேக்கோணும். போன முறை மலரில நடுப்பக்கத்தில எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ர படங்கள் போட்டிருந்தியள், கீழ "போரில் பலியானோர்" எண்டு இருந்தது. இந்த முறையும் அந்தப் பக்கம் வரும்தானே. தயவு செய்து "கொல்லப்பட்டோர்" எண்டு போடுங்கோ.