விசாரணைத் தாளில் பேசுவது யார்?

நாஜிக் கொலைகளில் ஈடுபட்ட சாதாரண ஆட்களைப் போருக்குப் பின் ஜெர்மனியில் விசாரித்த கோப்பை முதன்முதலாகப் புரட்டுபவர்கள் ஏமாறுவது "நான்" என்ற சொல்லில்தான். "நான் லாரியிலிருந்து இறங்கினேன்" என்று தாளில் இருக்கும். வாயால் சொன்னது விசாரிக்கப்பட்டவர்தான். அதைச் சுருக்கித் தட்டச்சு செய்ய வைத்தது விசாரணை அதிகாரி. படித்து ஒப்புக்கொண்டதாகக் கடைசியில் ஒரு வரி, கையெழுத்து. கேட்ட கேள்வி பெரும்பாலும் தாளில் இருக்காது. நாலு பேர் ஒரே சொற்றொடரைச் சொல்லியிருந்தால், நாலு பேரையும் விசாரித்தது ஒரே அதிகாரியா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் என்ற போலீஸ் படையில் சுமார் 500 பேர். சராசரி வயது 39, பெரும்பாலும் தொழிலாளர்கள். 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூஸெஃபுஃப் ஊரில் ஏறத்தாழ 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஹாம்பர்க் அரசு வழக்கறிஞர்கள் அவர்களில் 210 பேரை விசாரித்ததோ 1962 முதல்தான். இருபது வருட மறதியைவிடச் சட்டம்தான் பெரிய இடைஞ்சல். 1960 மே மாதத்தோடு மற்ற உயிர்ப்பறிப்புக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்து, கொலைக்குற்றம் மட்டுமே மிஞ்சியது. அதை நிரூபிக்க 'இழிந்த உள்நோக்கம்' போன்ற ஏதாவது வேண்டும். இனவெறுப்பு அதில் அடங்கும். யூத வெறுப்பைப் பற்றி வாய் திறந்தவர் தன்னையோ கூட நின்றவரையோ மாட்டிவிடுவார். தாளில் வெறுப்பு இல்லையென்றால் மனத்திலும் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

யூஸெஃபுஃபில் அன்று காலை, பட்டாலியனின் தளபதி மேஜர் வில்ஹெல்ம் டிராப், இந்த வேலை முடியாது என்பவர்கள் விலகலாம் என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் விலகினார்கள். வயதானவர்களுக்கு மட்டும் சொன்னார் என்பார் ஒருவர், எல்லோருக்கும் என்பார் இன்னொருவர். காதிலேயே விழவில்லை என்பவர்களும் உண்டு. விலக வழியிருந்தது என்று ஒத்துக்கொண்டால் "கட்டளை, வேறு வழியில்லை" என்ற வாதம் சரிந்துவிடும். அப்படியும் ஒத்துக்கொண்டவரின் சொல்லுக்கு எடை கூடுதல்.

கோப்பைப் படிப்பவர் ஆளுக்கொரு குறிப்புத் தாள் போடுவது நல்லது: கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு), விசாரணைத் தேதி, சாட்சியா குற்றம் சாட்டப்பட்டவரா. தேதி வரிசையில் படித்தால், பின்னால் வந்தவர்களின் பேச்சு ஒத்திகை பார்த்ததுபோல் மாறுவது பிடிபடலாம். தப்பிய யூதர்களின் வாக்குமூலம் நாளையும் இடத்தையும் சரிபார்க்க உதவும். ஒரு நாள் வந்து போன படையில் யார் எவர் என்று அவர்களால் சொல்ல முடிந்ததில்லை.

டிராப்பின் வாக்குமூலம் இந்தக் கோப்பில் கிடையாது. போலந்துக்காரர்களைப் பழிக்குப் பழியாகச் சுட்ட வழக்கில் 1948இல் போலந்தில் அவருக்கு மரணதண்டனை நிறைவேறிவிட்டது. அன்று காலை அவர் பேசியது, அவருக்குக் கீழே இருந்தவர்கள் சொன்ன அளவில்தான் நம் கைக்கு வந்திருக்கிறது.