மைக்கை நீட்டினால்

வளைகுடாவில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குச் செக் விவகாரத்தை விளக்க வேண்டியதில்லை. கம்பெனி செக்காகவே இருந்தாலும், பவுன்ஸ் ஆனால் போலீஸ் தேடி வருவது கையெழுத்துப் போட்டவனைத்தான். 2016-ல் துபாய் நிலைமை அது. என் நண்பனின் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். பின்தேதியிட்டுக் கொடுத்த செக்குகளில் இருந்ததெல்லாம் நண்பனின் கையெழுத்து. வாலை நீட்டி இழுத்துப் போடுவான். ‘பணம் இல்லை’ என்று பேங்க் திருப்பிய செக்கின் நகலை, அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. என்னிடம் காட்டியபோது, தொகையைவிட அந்த வால்தான் கண்ணில் பட்டது.

அவனை அவீர் ஜெயிலுக்குக் கொண்டுபோன பிறகு, தேவகோட்டையிலிருந்து அவன் மனைவி போன் செய்தார். “அண்ணே, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கப் போறேன். வெளிய டிவிக்காரங்க நிப்பாங்களாம். மைக்கை நீட்டினா பேசட்டுமா?”

“மனு கொடும்மா. மைக் இப்போதைக்கு வேண்டாம்” என்றேன்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. அவன் சீக்கிரம் வெளியே வர எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, புகார் கொடுத்த சப்ளையர் வாபஸ் வாங்குவது. பி.ஆர்.ஓ. அவரிடம் பேசிப் பேசி ஒரு தொகைக்கு இறக்கிக்கொண்டிருந்தார். டிவியில் அவர் கம்பெனி பெயர் ஒருமுறை வந்தால் போதும், கதவைச் சாத்திவிடுவார். மேலும் அங்கே அவதூறும் கிரிமினல் குற்றம். பொதுவில் பணம் திரட்டுவதும் அப்படித்தான். 2015-லேயே துபாயில் அனுமதியில்லாத வசூலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “ஆளுக்கு 500 திர்ஹாம் போடுவோம்” என்று நல்ல மனதோடு எழுதிவிட்டார். யாரும் பதில் போடாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னேன். கடைசியில் தெரிந்தவர்கள் தனித்தனியாக அவனுடைய மச்சானுக்குக் கைமாற்றுக் கொடுத்தோம். எங்கள் ‘விடுதலைப் போராட்டம்’ நடந்த லட்சணம் இது: பேனர் இல்லை, கோஷம் இல்லை, வெளிநாட்டு இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் ‘மதாத்’ இணையதளத்தில் ஒரு புகார், தூதரகத்துக்குச் சில நடை, மற்றதெல்லாம் டீக்கடையில் தாழ்ந்த குரலில்.

அந்தத் திங்கட்கிழமை சிவகங்கையில் அவர் மனு கொடுத்துவிட்டு, நீட்டிய மைக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சப்ளையர் பாதித் தொகைக்கு ஒத்துக்கொண்டு வாபஸ் கடிதம் கொடுத்தார். நண்பன் வெளியே வந்தான். அப்படியானால் நான் சொன்னது சரிதானே? பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த சப்ளையர் இறங்கி வந்தது எங்கள் மௌனத்தாலா, பணம் கைக்கு வந்ததாலா? வியாபாரி அவர். பணம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் டிவி செய்தியால் என்ன கெட்டிருக்கும்? ஒருவேளை எல்லாமே கெட்டிருக்கும். இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவே இல்லை.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. அடுத்த லீவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபியைக் கொடுத்துவிட்டு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “நாம பேசாம இருந்தோம்ல அண்ணே, ஊர்ல பேசிட்டாங்க. கம்பெனிப் பணத்தைக் கையாடிட்டாராம். இல்லாட்டி பொண்டாட்டி ஏன் வாயைத் திறக்கலைன்னு என் காதுபடவே கேட்டாங்க.”

நண்பன் குறுக்கே புகுந்து, “அவன் சொன்னதுதான்டி சரி. பேசியிருந்தா நான் இன்னும் உள்ளதான் இருந்திருப்பேன்” என்றான். அவர் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

துபாயில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்தது துபாயை மட்டும்தான். சப்ளையர் என்ன நினைப்பார், போலீஸ் என்ன நினைக்கும், என் விசாவுக்கு என்ன ஆகும் (ஆமாம், அதுவும் இருந்தது) என்று எல்லாம் யோசித்தேன். தேவகோட்டையில் ரேஷன் கடை வரிசையில் நிற்கப்போவது அவர்தான் என்பது கணக்கிலேயே வரவில்லை. வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். முதலில் ஆள் வெளியே வரட்டும், மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்ல எனக்குச் சுலபம், ஏனென்றால் போனது என் மானம் இல்லை.

2022 ஜனவரியில் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் இப்போது பெரும்பாலும் சிவில் வழக்குதான். ஆனால் மற்ற வழக்குகள் இருக்கின்றனவே. போன வருடம் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனின் அண்ணனை நம்பிக்கை மோசடிப் புகாரில் ஷார்ஜாவில் பிடித்து வைத்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கேள்வி: டிவியில் பேசலாமா? வக்கீலைப் பார்க்கச் சொன்னேன், மதாத்தில் பதியச் சொன்னேன். மைக் பற்றிக் கேட்டதற்கு தேவகோட்டை நம்பரைக் கொடுத்தேன். போன் செய்தார்களாம், ரொம்ப நேரம் பேசினார்களாம். அவர் என்ன சொன்னார் என்று பையன் சொல்ல ஆரம்பித்தான். அதற்குள் எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது.