ஆஷ்காஷுக்குப் பறக்க வீராம்பட்டினத்தில் முடிச்சுப் பழகினேன்

ஜூலை கடைசியில் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் ஒரு வாரம் நடக்கும் விமானத் திருவிழாவுக்கு (ஏர்வெஞ்சர் என்று பெயர், 1970-லிருந்து அந்த ஊரில்தான்) இந்த முறை போகிறேன். அதுவும் டிக்கெட் வாங்கி வாசல் வழியாக இல்லை, நண்பனின் செஸ்னா 172-இல் பறந்து போய், புல்வெளியில் விமானத்தை நிறுத்தி, அதன் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் எடுத்த பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது, ஆனால் 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநரோடு உட்கார்ந்து குறைந்தது ஒரு மணி நேரம் பாடம், ஒரு மணி நேரம் பறத்தல் என்று முடித்தால்தான் செல்லும். பத்து நாள் முன்னதாகவே இல்லினாய் போய் அதை முடிப்பதாகத் திட்டம். மற்ற தயாரிப்பெல்லாம் இங்கே புதுச்சேரியில், லாஸ்பேட்டை வீட்டு மொட்டை மாடியிலும் கடற்கரையிலும்தான் நடக்கிறது.

முதல் வேலை படிப்பது. அந்த வாரத்துக்கென்றே விமானப் போக்குவரத்துத் துறை ஒரு அறிவிப்பு வெளியிடும், முப்பது பக்கம் போல. அதன்படி ரிப்பன் என்ற சிற்றூருக்கு மேலே வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும் (நம் சென்னை ரிப்பன் மாளிகைக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான்). அங்கிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஃபிஸ்க் என்ற இடம் வரை 1,800 அடி உயரம், 90 நாட் வேகம் (மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர்), முன்னால் போகிறவருக்கும் நமக்கும் அரை மைல் இடைவெளி. ஃபிஸ்கில் கட்டுப்பாட்டாளர்கள் தரையில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே கூப்பிடுவார்கள். பதிவு எண்ணெல்லாம் சொல்ல மாட்டார்கள். "வெள்ளை விமானம், இறக்கை மேலே இருப்பது, இறக்கையை ஆட்டு" என்பார்கள், நாம் ரேடியோவில் ஒரு வார்த்தை பேசாமல் இறக்கையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் எந்த ஓடுபாதை, அதில் எந்த நிறப் புள்ளி என்று சொல்வார்கள். பச்சைப் புள்ளி என்றால் பச்சையில்தான் சக்கரம் பட வேண்டும், ஏனென்றால் அதே ஓடுபாதையில் முன்னால் வேறொரு புள்ளியில் இன்னொருவர் இறங்கிக்கொண்டிருப்பார்.

எனக்கு இதில் கஷ்டமே பேசாமல் இருப்பதுதான். பயிற்சி எடுத்தபோது எது சொன்னாலும் திருப்பிச் சொல், திருப்பிச் சொல் என்றே பழக்கியிருக்கிறார்கள், வாய் தானாகத் திறக்கிறது.

கணினியில் சிமுலேட்டர் போட்டு விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரும் தண்டவாளத்தை 1,800 அடியில் 90 நாட் வேகத்தில் பின்தொடர்ந்து பார்த்தேன். 38 கிலோமீட்டர், பதினாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாள் தண்டவாளத்தைத் தேடிக்கொண்டே உயரத்தைக் கோட்டை விட்டேன், உயரத்தைப் பார்த்தால் தண்டவாளம் ஜன்னலுக்குக் கீழே போய்விட்டது. கடைசியில் நாள்காட்டியில் கிழித்த தாளை வேகமானி மேல் ஒட்டிவிட்டு, என்ஜின் சத்தத்தையும் மூக்கு நிற்கிற விதத்தையும் வைத்தே 90-ஐப் பிடிக்கப் பழகினேன். ஒரு வாரத்தில் கை படிந்தது. நிறப் புள்ளிக்கு மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளைத் திரையில் ஓடுபாதை தெரிகிற இடத்தில் ஒட்டினேன், அது சுத்தமாக வேலைக்கு ஆகவில்லை. விமானம் நகர நகர ஓடுபாதையும் நகர்கிறது, பொட்டு நகருமா? திட்டு வாங்கியதுதான் மிச்சம். இப்போது ஏழாவது படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் நிறம் சொல்கிறாள், ஓடுபாதையில் முதல் கோடு பச்சை, நடுக்கோடு ஆரஞ்சு என்று ஏற்பாடு.

அடுத்தது விமானத்தைக் கட்டுவது. ஜூலையில் அந்தப் பக்கம் இடியோடு திடீர்க் காற்று வரும், சரியாகக் கட்டாத விமானம் பக்கத்து விமானத்தின் மேல் போய் விழும். இரண்டு இறக்கை, வால் என்று மூன்று இடத்தில் கயிறு. ஆன்லைனில் வாங்கிய திருகு முளைகளைச் சோதிக்க வீராம்பட்டினம் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கரையில், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஆடு கட்டற முளையா சார்?" என்று கேட்டார். விமானம் கட்ட என்றேன். எழுந்து வந்து ஒரு கையால் இழுத்தார், கையோடு வந்துவிட்டது. மணலாச்சே என்று நான் சமாதானம் சொன்னேன், ஆனால் இழுத்த இழுப்பில் முளையே வளைந்திருந்தது. அதை இனி எடுத்துப்போவதில்லை.

ஆனால் முடிச்சு அவரிடம்தான் கற்றேன். கயிற்றை முளையைச் சுற்றித் திருப்பி, தன் மேலேயே உள்பக்கமாக இரண்டு சுற்று, அதற்கு மேலே வெளியே ஒரு சுற்று, இறுக்கு. கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுபட்டால் கவ்விக்கொள்ளும். "புயல்ல படகு ஆடணும் சார், அசையாம இறுக்கிட்டா அறுத்துக்கும்" என்றார். விமானக் கையேட்டிலும் கயிற்றை வீணைத் தந்தி போல முறுக்காமல் ஓர் அங்குலம் தளர்வு விடச் சொல்லியிருக்கிறது, அப்போது புரியாதது அவர் சொன்னபோது புரிந்தது. கயிறு நைலான்தான், நனைந்தால் சுருங்கும் ரகங்கள் வேண்டாம்.

எடைக் கணக்கும் போட்டாயிற்று. டாங்க் நிரப்பினால் பயன்படும் பெட்ரோல் 40 காலன், காலனுக்கு 6 பவுண்டு, மொத்தம் 240. கூட்டம் அதிகமானால் கிரீன் லேக் ஏரியைச் சுற்றிக்கொண்டே காத்திருக்கச் சொல்வார்கள், அதனால் அதில் கைவைக்க மாட்டேன். பின்னால் சாமான் அறைக்கு 120 பவுண்டுதான் வரம்பு. கூடாரம், பாய், கயிறு எல்லாவற்றையும் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன், கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஜோடி ஷூ வெளியே போனது.

நேற்று ராத்திரி எட்டு முறை ஓட்டினேன். ஏழு முறை உயரம் 1,800-லிருந்து நூறு அடிக்கு மேல் விலகவில்லை, சொன்ன இடத்தில் சக்கரம் பட்டது. எட்டாவது முறை மகள் கடைசி நொடியில் பச்சையை ஆரஞ்சாக்கிவிட்டாள், நான் இறங்காமல் மேலே ஏற்றிவிட்டு அது ஏன் சரி என்று விளக்க வாயெடுத்தேன்.

"பேசக்கூடாதுப்பா, ஆட்டுங்க" என்றாள்.