மட்டக்களப்பிலேயே ஹார்ட் டிஸ்க் வாங்கி மாற்றிய அனுபவம்

வீட்டுக் கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனால் கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில்தான் நம்பி வாங்கலாம் என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. நான் இந்த முறை இங்கேயே வாங்கி, வீட்டிலேயே மாற்றி, உள்ளே இருந்த படங்களையும் காப்பாற்றிவிட்டேன். எப்படி என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்கு உதவும்.

எங்களுடையது பழைய டெஸ்க்டாப். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, எச்81 மதர்போர்ட், உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தங்கச்சியின் ரியூசன் வேலையும் அம்மா படம் பார்ப்பதும் எல்லாம் அதில்தான். கொஞ்ச நாளாகவே விண்டோஸ் வந்து முடிய நெடுநேரம் எடுத்தது, போல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஓடிக்கொண்டே நின்றது, அப்புறம் ஒரு நாள் கேசிங்குக்குள் இருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது.

டிஸ்க்கின் நிலைமையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. அதில் பார்க்க வேண்டியது மூன்று வரிகள்: 05, சி5, சி6. முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படுகிற சின்னச் சின்னப் பகுதிகள். இரண்டாவது, வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. மூன்றாவது, சரிசெய்யவே முடியாதவை. ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அந்த எண்கள் வழக்கமாகப் பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்ட முறையில்தான் காட்டப்படும், அமைப்புக்குள் போய்ச் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொண்டால்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று விளங்கும். எங்களுடையதில் சி5 ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடிக்கொண்டே போனது.

அதற்குள் என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கல்லடியில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் கடலோடு போனவை. அம்மம்மாவின் படம், அம்மா அப்பாவின் கலியாணப் படம் எல்லாம் பிறகு லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டு, அவர்கள் தங்கள் பிரதிகளை ஸ்கேன் செய்து அனுப்பியவை. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை இன்னொரு தரம் விட முடியாது. ஆகவே புதிய டிரைவ் எது, என்ன விலை என்று கேட்டுத் திரிவதற்கு முன்னால் பழையதில் இருந்ததை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை என்று முடிவெடுத்தேன். இந்த வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். டிரைவ் இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த கிழமை வாங்கலாம்.

பக்கத்து வீட்டு அண்ணன், "ஒருக்கா செக்டிஸ்க் ஓடவிட்டுப் பாரு தம்பி, சரிவரும்" என்றார். செக்டிஸ்க் என்பது விண்டோஸிலேயே இருக்கிற, டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்துகிற கருவி. நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனாலும் நான் ஓடவிடவில்லை. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓடவிட்டால் அது முழு டிஸ்க்கையும் வாசித்து, திருத்துகிறேன் என்று எழுதவும் தொடங்கும், மிச்ச உயிரும் அதிலேயே போய்விடலாம். விண்டோஸைக்கூடத் திரும்பத் தொடங்காமல், அதற்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கொம்பியூட்டரைத் தொடங்கினேன். இப்படிச் செய்தால் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் தன்பாட்டுக்குச் செய்கிற வேலை ஒன்றும் நடக்காது, நமக்குத் தேவையானதை மட்டும் வாசிக்கலாம். மச்சானிடம் வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, முதலில் படங்கள், பிறகு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன்கள், பிறகு தங்கச்சியின் நோட்ஸ் என்று கொப்பி பண்ணினேன். பாட்டும் படமும் கடைசி, அவை திரும்பவும் கிடைக்கும். ஒரு போல்டர் இறுகி நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அப்படி விட்டுவிட்டு வந்தவற்றைக் கடைசியில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் எடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்து முடித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு ஆறுதலாகத் திரும்பி வரும். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைத்திருந்தேன், எங்கள் வெயிலுக்கு டிஸ்க் கையில் சுடுகிற அளவுக்குச் சூடேறும். கரண்ட் நின்றால் இடையில் அறுந்துவிடும் என்பதால் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

சரி, அடுத்தது வாங்குவது.

கடைக்குப் போவதற்கு முன் மதர்போர்டை டோர்ச் அடித்து வடிவாகப் பார்த்தேன். எச்81 சிப்செட்டில் சாட்டா இணைப்புகள், அதாவது டிஸ்க்கைக் கேபிளால் மாட்டுகிற இடங்கள், இரண்டு வகை, இரண்டு 6 கிகாபிட் வேகம், இரண்டு 3 கிகாபிட் வேகம். எது எது என்று போர்டிலேயே சின்ன எழுத்தில் அடித்திருக்கும். புதிய வகை மெல்லிய டிரைவைக் கேபிள் இல்லாமல் நேராகச் செருகுகிற எம்.2 இணைப்பு எங்கள் போர்டில் இல்லை. இதைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொண்டது எவ்வளவு நல்லது என்று முதல் கடையிலேயே தெரிந்தது. டவுனில் ஒரு கடையில், "இப்ப எல்லாரும் என்விஎம்ஈதான் எடுக்கிறாங்க, சாட்டாவ விட எத்தனையோ மடங்கு வேகம்" என்று எம்.2இல் செருகுகிற அந்த வகை டிரைவ் ஒன்றைக் கையில் தந்துவிட்டார்கள். வேகம் என்பது உண்மைதான், ஆனால் அதைச் செருக இடம் வேண்டுமே. போர்டின் படத்தைக் காட்டியதும், ஒரு அடாப்டர் போட்டால் சரி என்றார்கள். அந்தக் காலத்துப் போர்டுகளின் பயாஸ், அதாவது கொம்பியூட்டரை முதலில் தொடங்கிவைக்கிற மென்பொருள், பெரும்பாலும் என்விஎம்ஈயிலிருந்து பூட் செய்யாது, அடாப்டர் போட்டாலும் விண்டோஸை அதில் வைத்துத் தொடங்க முடியாமல் போகலாம். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இன்னொரு கடையில் பெட்டியே இல்லாமல் பொலித்தீன் பையில் போட்ட ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றார்கள். வொரண்டி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பிரச்சினை வந்தா கொண்டு வாங்க, பார்ப்பம்" என்று பதில். அம்மம்மாவின் படத்தை வைக்கப்போகிற சாமானுக்குப் "பார்ப்பம்" போதாது.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு கடையில்தான் சரிவந்தது. அந்த நானா முதலில் விலை சொல்லவில்லை, "போர்ட் என்ன தம்பி? சும்மா பார்க்கவா, வேலை செய்யவா?" என்று கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 1 டெராபைட் எடுத்து வைத்தார். சுழலும் தகடு இல்லாமல் நினைவகச் சில்லுகளில் சேமிக்கிற டிரைவ் அது. சாட்டாவில் அது நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை வாசிக்கும், அதற்கு மேல் இணைப்பே விடாது, ஆகவே வேகத்துக்கு என்று அதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று அவரே சொன்னார். இப்படிச் சொல்கிற கடைக்காரரை நான் நம்புவேன். கொழும்பு விலையை விடக் கொஞ்சம் கூடத்தான். 2025 கடைசியில் இருந்து நினைவகச் சில்லுகளின் விலையே ஏறியிருக்கிறது, அதை விடுங்கள். கெட்டுப்போனால் கொழும்புக்குப் பார்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பதா, பஸ் ஏறிப் பத்து நிமிசத்தில் போய் நானாவின் மேசையில் வைப்பதா என்று யோசித்தால் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வாங்கும்போது பெட்டியின் சீல் உடையாமல் இருக்கிறதா, பெட்டியில் உள்ள தொடர் இலக்கமும் டிரைவில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்தோம். அந்த இலக்கத்தையும் வொரண்டி "3 வருடம்" என்பதையும் பில்லில் எழுதி சீல் அடித்துத் தரச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார். சாட்டா கேபிளும், 3.5 அங்குல இடத்தில் 2.5ஐப் பொருத்துகிற தகடும் தனியாக வாங்க வேண்டும், எஸ்எஸ்டி பெட்டிக்குள் பெரும்பாலும் அவை இருக்காது.

மாற்றுவது சின்ன வேலைதான், கடினமாக இருந்தது ஸ்க்ரூ. கடற்கரைக் காற்றுக்குக் கேசிங்கின் ஸ்க்ரூ எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தன, தலை வழுக்கிவிடாமல் பொறுமையாகத் திருகிக் கழற்ற வேண்டியிருந்தது. புதியதை 6 கிகாபிட் இணைப்பில் மாட்டினேன். விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் கேபிளை முழுதாகக் கழற்றி வையுங்கள், இரண்டும் இருந்தால் விண்டோஸைத் தொடங்கிவைக்கிற பூட் பகுதி பழையதில் போய் உட்காரக்கூடும், பிறகு பழையதைக் கழற்றினால் புதியது தொடங்காது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றினாலும் இணையத்தில் இணைந்ததும் தானாகவே செயற்பட்டுவிட்டது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, எங்கள் ஐ5 விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை, 2026 அக்டோபர் வரை கிடைக்கிற கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்திருக்கிறேன்.

போட்டு முடித்ததும் மறுபடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஓடிய மணித்தியாலம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அதுதான் புதிய சாமானுக்கு அடையாளம். அதையும் முழுதாக நம்ப முடியாது, பாவித்த டிஸ்க்குகளின் கணக்கை அழித்துப் புதிது என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளியே வந்தது. அதனால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் கொள்ளளவு முழுதும் எழுதி வாசித்துச் சோதித்தேன், சொன்ன கொள்ளளவு இல்லாத போலி டிரைவ் என்றால் அதில் பிடிபட்டுவிடும். 1 டெராபைட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம், கம்பனி ஆயிரத்தால் கணக்குப் பார்க்கிறது, விண்டோஸ் 1024ஆல் பார்க்கிறது.

படங்களின் ஒரு பிரதி எஸ்எஸ்டியில், இன்னொன்று செங்கலடியில் பெரியம்மா வீட்டில் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில். கரண்ட் இல்லாமல் நீண்ட காலம் அலுமாரிக்குள் வைக்க எஸ்எஸ்டி அவ்வளவு பொருத்தமில்லை. பழைய டிஸ்க்கை இரும்புக்காரரிடம் கொடுக்கவில்லை, காணி உறுதியெல்லாம் அதற்குள் இன்னும் இருக்கிறது. தகடுகளைக் கழற்றி உடைத்த பிறகுதான் கொடுக்கப்போகிறேன். அப்புறம் அந்தப் பில், சூட்டில் அச்சாகிற தாள் என்பதால் எங்கள் வெக்கைக்குச் சில மாதத்திலேயே எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.