தீங்குக்குப் பழமை கிடையாது

பள்ளிவாசலும் கோயிலும் ஒரே தெருவில் இருந்தால் சண்டை பெரும்பாலும் ஊர்வலத்திலோ ஒலிபெருக்கியிலோ சாக்கடையிலோதான் தொடங்கும். இவற்றுக்கு ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டவியலில், ஆள் எந்த மதம் என்று பார்க்காத விதிகள் உண்டு. உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சிவில் சட்டத் தொகுப்பின் 1851 பிரிவுகளில், 2 முதல் 100 வரை இத்தகைய பொது விதிகளே.

6ஆம் பிரிவு: பழையது பழையபடியே விடப்படும். அடுத்ததே 7: தீங்கு பழமையாகாது. பலரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். "அறுபது வருஷமா இந்த வழியாத்தான் போறோம்" என்றால் 6 பேசும். அதே அறுபது வருடமாக ஒரு வீட்டுக் கழிவுநீர் பொதுத்தெருவில் ஓடி ஊரைக் கெடுக்கிறதா? வருடக் கணக்கு எடுபடாது. 1224ஆம் பிரிவு தருவதும் இதே உதாரணம்தான். தீங்கை அதே போன்ற தீங்கால் நீக்கக் கூடாது என்கிறது 25. அவர்கள் சத்தத்தைக் கூட்டினால் நாமும் கூட்டுவோம் என்பதற்கு இங்கே இடமில்லை.

பேச உட்காரும்போது, ஆதாரம் காட்டுவது உரிமை கோருபவர் பொறுப்பு, சத்தியம் செய்வது அதை மறுப்பவர் பொறுப்பு என்ற 76ஆம் பிரிவைக் கையில் எடுங்கள். இரு தரப்பும் மறுக்காதவற்றை முதலில் தனியே எழுதிவிடுங்கள்.

உடன்பாட்டில் அவசரம் காட்டினால் பிறகு வலிக்கும். ஸுல்ஹ், அதாவது சமாதான உடன்பாடு, மூன்று வகை: எதிர்த்தரப்பு உரிமையை ஒப்புக்கொண்டு, மறுத்து, மௌனமாக இருந்து. மறுத்துக்கொண்டே செய்யும் ஸுல்ஹை ஹனஃபி சட்டமரபினர் ஏற்பார்கள், ஷாஃபி சட்டமரபினர் ஏற்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று ஷாஃபி வழக்கமுள்ள ஊர்களில் கையெழுத்தான பிறகு "இது செல்லாது" என்று ஒருவர் கிளம்பலாம். ஆலிமை, அதாவது மார்க்க அறிஞரை, முதல் நாளே உட்கார வையுங்கள்.

நிலத்தை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேசுவதுதான் மிகப் பெரிய தவறு. வக்ஃபு சொத்து, அதாவது இறைவழியில் அர்ப்பணிக்கப்பட்ட சொத்து, அதை நிர்வகிக்கும் முத்தவல்லியின் சொந்தச் சொத்து அல்ல; பெருந்தன்மையோடு எழுதிக் கொடுத்தாலும் நிற்காது. கோயில் தரப்புக்கும் இதே கட்டுதான்: தமிழ்நாட்டின் 1959 இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாத விற்பனையும் பரிமாற்றமும் செல்லாது. ஆகவே ஊர்க் கூட்டத்தில் நேரம், பாதை, ஒலி இவற்றை மட்டும் பேசுங்கள்.

நேரத்தையும் கடிகாரப்படி எழுதாதீர்கள். சென்னையில் சூரியன் மறைவது நவம்பருக்கும் ஜூலைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மாறும். "மாலை 6.30" என்ற வரி ஆறு மாதத்தில் பொய்யாகும், "மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) பாங்கிலிருந்து 20 நிமிடம் மேளம் நிற்கும்" என்ற வரி எல்லா மாதத்துக்கும் பொருந்தும்.