பெருஜா கொலை வழக்கு: 46 நாள் தரையில் கிடந்த கொக்கி

2007 நவம்பர் 1 இரவு, இத்தாலியின் பெருஜா நகரில், தான் வாடகைக்கு இருந்த வீட்டின் அறையிலேயே மெரடித் கெர்ச்சர் கொல்லப்பட்டார். லண்டனுக்குத் தெற்கே வளர்ந்தவர், லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி, வயது 21. இந்த வழக்கைப் பற்றி எங்கே வாக்குவாதம் நடந்தாலும், அதே வீட்டில் குடியிருந்தவரும், காதலனோடு சேர்த்து இந்தக் கொலைக்குக் குற்றம் சாட்டப்பட்டவருமான அமண்டா நாக்ஸ் மறுநாள் வாசலில் நின்று காதலனை முத்தமிட்டார் என்பதில்தான் பேச்சு ஆரம்பிக்கிறது. முத்தத்தை வைத்து யாரையும் தண்டிக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. ஒவ்வொரு தடயத்தையும் எப்போது எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், திரும்பச் சோதிக்க முடியுமா? இந்த மூன்று கேள்வியோடு உட்கார்ந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

நாக்ஸின் காதலன் ரஃபேல் சொல்லேச்சித்தோவைக் கொலை நடந்த அறையோடு சேர்த்துக் கட்டிய ஒரே மரபணுத் தடயம், மெரடித்தின் உள்ளாடையிலிருந்து அறுபட்டுக் கிடந்த சின்னத் துணித்துண்டு. அதில் இரண்டு உலோகக் கொக்கிகள். சான்றுப்பொருள் 165பி. உடல் கண்டெடுக்கப்பட்ட உடனே தடயவியல் குழு அதைப் பார்த்தது, படமும் எடுத்தது. ஆனால் எடுத்துப் போகவில்லை. டிசம்பர் 18 அன்று திரும்பி வந்து எடுத்தபோது, முதலில் கிடந்த இடத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி, குப்பைகூளத்தோடு கிடந்தது. இடைப்பட்ட 46 நாளில் அந்த வீட்டுக்குள் பலர் நடமாடினார்கள், சாமான்கள் இடம் மாறின.

எடுத்த விதத்தை வீடியோவில் பார்க்கலாம். கையுறை போட்ட ஒருவர் துணியை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறார். விரல் கொக்கியின் மேலேயே படுகிறது. படம் எடுக்க மறுபடி தரையில் வைக்கிறார்கள். கையுறை நுனியில் அழுக்கு தெரிகிறது. செய்திருக்க வேண்டியது இதுதான்: பொருளுக்குப் பொருள் புதுக் கையுறை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் இடுக்கி, துணியின் ஓரத்தை மட்டும் பிடிப்பது, காகித உறையில் போட்டு அங்கேயே முத்திரையிட்டுக் கையெழுத்து. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கி மரபணு கெட்டுப்போகும்.

அரசுத் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் சொல்லேச்சித்தோவின் மரபணு கிடைத்த வேறு இடம் சமையலறையில் ஒரு சிகரெட் துண்டு மட்டுமே. அப்படியிருக்க, கொக்கிக்கு அது எங்கிருந்து ஒட்டியிருக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பூட்டிய கதவை உடைக்க முயன்றவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கதவைத் தொட்ட கையுறைகள் எத்தனை என்று யாருக்கும் கணக்கில்லை. கொக்கியில் வேறு ஆண்களின் மரபணுவும் கலந்திருப்பதாக 2011-இல் நீதிமன்றம் நியமித்த இரு நிபுணர்கள் சொன்னார்கள். மறுசோதனைக்கும் வழியில்லாமல் போனது. பிரித்தெடுப்புத் திரவத்தோடு பாதுகாத்ததில் கொக்கிகள் துருப்பிடித்துவிட்டன.

கத்தி விஷயம் இன்னும் நுணுக்கமானது. சொல்லேச்சித்தோவின் சமையலறை இழுப்பறையில், பளபளப்பாகத் தெரிந்தது என்பதற்காக ஒரு காவல் அதிகாரி எடுத்த காய்கறிக் கத்தி அது. பிடியில் நாக்ஸின் மரபணு. அந்த வீட்டில் சமைத்தவர், இருக்கத்தான் செய்யும். அலகில் மெல்லிய கீறலிலிருந்து எடுத்த 36பி என்ற மாதிரிதான் பிரச்சினை. ரத்தச் சோதனையில் ரத்தம் இல்லை என்று வந்தது. மரபணு அளவை அளந்த கருவி ‘மிகக் குறைவு’ என்றது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் செறிவூட்டிப் பெருக்கினார்கள், அதுவும் ஒரே ஒரு தடவை. வந்த வரைபடத்தில் மரபணுக் குறிகளைக் காட்டும் முகடுகளில் பெரும்பாலானவை வழக்கமான உயர எல்லையான 50 அலகுக்குக் கீழே. இவ்வளவு குறைந்த அளவில் மாதிரியைப் பிரித்து இரண்டு தடவையாவது ஓட்டி, இரண்டிலும் வரும் முகடுகளை மட்டும் ஏற்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் இல்லாத முகடு தோன்றும், இருக்கும் முகடு மறையும். அதே ஆய்வகத்தில் மெரடித்தின் மாதிரிகள் ஏராளமாகச் சோதிக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ப்ளீச் போட்டுக் கழுவியதால்தான் ரத்தம் இல்லை என்று ஒரு பதில் உண்டு. ஆனால் 2011 ஆய்வில் அலகின் மேல் மாவுச்சத்துத் துகள்கள் கிடைத்தன. ரத்தத்தை உறிஞ்சும் மாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ரத்தம் மட்டும் போய்விட்டது என்றால் எப்படி நம்புவது? கழுத்திலிருந்த மூன்று முக்கியக் காயங்களில் பெரியதற்கு மட்டுமே இந்தக் கத்தி பொருந்தும் என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அதனால் இரண்டாவது கத்தி ஒன்று தேவைப்பட்டது. அது கிடைக்கவே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டத் தெளிக்கும் லூமினால் என்ற ரசாயனத்தில் ஒளிர்ந்த காலடித் தடங்களைப் பலர் ரத்தம் என்றே எழுதுகிறார்கள். லூமினால் ரத்தத்துக்கு மட்டும் ஒளிர்வதில்லை. ப்ளீச், செம்பு, சில காய்கறிச் சாறுகளுக்கும் ஒளிரும். பிறகு செய்த டிஎம்பி என்ற இன்னொரு ரத்தச் சோதனையில் அந்தத் தடங்கள் ரத்தமில்லை என்று வந்தன. லூமினாலைவிட டிஎம்பி-க்கு உணர்திறன் குறைவு என்பது உண்மை. ஆனாலும் அந்த முடிவை அறிக்கையில் சொல்லாமல் விட்டார்கள்; விசாரணை பாதி நடந்த பிறகு 2009-இல் ஆய்வகத் தாள்கள் வெளிவந்தபோதுதான் அது தெரிந்தது. குளியலறையில் நாக்ஸின் மரபணு மெரடித்தின் ரத்தத்தோடு கலந்து கிடைத்தது என்பதும் இதே மாதிரிதான்: பஞ்சுக்குச்சியைத் தொட்டியின் விளிம்பிலிருந்து நீளமாக இழுத்துத் துடைத்தால், அங்கே தினமும் பல் துலக்குகிறவரின் மரபணுவும் இறந்தவரின் ரத்தமும் ஒரே குச்சியில் கலந்துதான் வரும். ஒரு கறைக்கு ஒரு குச்சி, கறையின் மேல் மட்டும்.

தடயம் வலுவாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தக் கொலைக்குத் தனி விசாரணையில் தண்டிக்கப்பட்ட ரூடி குவேடே மேல் கிடைத்தவற்றைப் பார்க்கலாம். தலையணையில் ரத்தத்தில் பதிந்த உள்ளங்கை ரேகை, மெரடித்தின் உடலிலும் கைப்பையிலும் அவருடைய மரபணு. ஜெர்மனிக்கு ஓடிப்போய், மைன்ஸ் அருகே பிடிபட்டார். ஆரம்பத்தில் சொல்லேச்சித்தோவுடையது என்று சொன்ன ரத்தக் காலணித் தடமும் கடைசியில் குவேடேயுடையதே. அடிப்பாகத்தின் வட்ட வளையங்களை எண்ணிப் பார்த்ததில் சொல்லேச்சித்தோவின் காலணியில் 7, தடத்தில் 11. எண்ணிக் காட்டியது சொல்லேச்சித்தோவின் தரப்பு. குவேடே ‘மற்றவர்களோடு சேர்ந்து’ கொன்றார் என்ற தீர்ப்புதான், நாக்ஸும் சொல்லேச்சித்தோவும் குற்றவாளிகளே என்பவர்களின் பெரிய ஆயுதம் இன்றும். ஆனால் அது சுருக்க விசாரணை; அந்த ‘மற்றவர்கள்’ என்று கருதப்பட்ட இருவரும் அதில் கட்சிக்காரர்கள் அல்ல, குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை.

சாட்சிகளுக்கு வருவோம். அன்றிரவு சதுக்கத்தில் இருவரையும் பார்த்ததாகச் சொன்ன, தெருவில் வாழ்ந்த ஒருவர், டிஸ்கோவுக்குப் போகும் பேருந்துகளையும் முகமூடி போட்ட இளைஞர்களையும் சேர்த்துச் சொன்னார். அது முந்தைய நாள், அக்டோபர் 31, ஹாலோவீன் இரவின் காட்சி. ஒரு கடைக்காரர் நாக்ஸ் விடிகாலையில் கடைக்கு வந்ததாகச் சொன்னார், ஏறக்குறைய ஓராண்டு கழித்து. அதற்குள் அந்த முகம் இத்தாலியப் பத்திரிகைகளில் எத்தனை தடவை வந்திருக்கும்! ஓலம் கேட்டதாகச் சொன்ன பெண்மணிக்கும் நேரம் உத்தேசம்தான், கடிகாரம் பார்க்கவில்லை. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இவ்வளவு செய்திகளுக்குப் பிறகு கேட்டால் எந்த நினைவும் இப்படித்தான் வரும்.

நாக்ஸின் சொந்த வாக்குமூலம் தனி ரகம். நவம்பர் 5 இரவு தொடங்கிய விசாரணையில், விடியற்காலை 1:45-க்கும் 5:45-க்கும் இரண்டு தாள்களில் கையெழுத்து. வழக்கறிஞர் இல்லை. தான் வேலை பார்த்த பாரின் உரிமையாளர் மேல் பழி சொன்னார். குற்றமற்ற அந்த மனிதர் இரண்டு வாரம் சிறையில் இருந்தார். அவருக்கு நடந்த அநியாயத்தை நாக்ஸின் ஆதரவாளர்கள் தாண்டிப் போவது தப்பு. கொலைக் குற்றத்துக்கு அந்தத் தாள்களை நாக்ஸுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பொய்ப் பழி வழக்கும் கொலை வழக்கும் ஒரே அமர்வில், அதே நீதிபதிகள் முன் சேர்ந்து நடந்தன. காதில் விழுந்ததை அவர்கள் எப்படி மறப்பார்கள்? 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், வழக்கறிஞர் உதவி கிடைக்காததையும் மொழிபெயர்ப்பாளர் நடந்துகொண்ட விதத்தையும் உரிமை மீறல் என்றது. பொய்ப் பழிக்கான தண்டனையை 2025 ஜனவரியில் இத்தாலிய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொலைக் குற்றத்திலிருந்து 2015 மார்ச் 27 அன்றே இருவரும் முழுமையாக விடுவிக்கப்பட்டிருந்தார்கள்.

மெரடித்தின் உடலுக்கு அடியில் இருந்த தலையணை உறையில், விந்து என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு நிபுணர் காட்டிய ஒரு கறை இருந்தது. அதைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீதிமன்றம் தேவையில்லை என்று மறுத்தது. 36பி-க்குக் கருவி ‘மிகக் குறைவு’ என்ற பிறகும் விடாமல் சோதித்தவர்கள், கண்ணுக்குத் தெரிந்த இந்தக் கறையின் மேல் ஒரு பஞ்சுக்குச்சியை வைக்கவில்லை.