திருகோணமலையில் பெரிய கமெராவும் ஒரு வாளி ஐஸும்

வவுனியாவில் ஏறிய தனியார் பஸ்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் ஆறாது. முக்காலியும் கமெராப் பையும் மேல்தட்டில் அடங்காததால் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்டக்டர் வந்து "இதுக்கும் ஒரு ரிக்கெற் எடுக்கோணும் அண்ணை" என்றார். எடுத்தேன். எடுத்த பிறகு அந்தப் பைக்கு மேலேயே யாருடையதோ அரிசி மூட்டை ஒன்றைப் போடப் பார்த்தார்! பைக்குள்ளே கமெராவின் தேய்த்த கண்ணாடி (எடுக்கப்போகிற காட்சி விழுகிற பின்பக்கக் கண்ணாடி) இருக்கிறது, உடைந்தால் இந்தப் பயணமே அவ்வளவுதான். ஹொறவப்பொத்தானை தாண்டும்வரை மூட்டையைக் கையால் தடுத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். காசு வாங்கினால் அந்த இடம் காசு கொடுத்தவனுடையது, இதில் பேச்சுக்கு இடமே இல்லை.

இவ்வளவு பாரத்தைத் தூக்கிப் போனது 4க்கு 5 அங்குல ஷீட் ஃபிலிமில் (ஒரு படத்துக்கு ஒரு தாள்) கோணேசர் மலையைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க. ஒரு ஷீட்டின் விலைக்கு ஒரு மீன் சோற்றுப் பார்சல் சாப்பிடலாம், அதனால் ஷட்டரை அமுக்கும் முன் பத்துத் தரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்படி யோசிக்க வைப்பதால்தான் எனக்கு இந்தக் கமெராவில் இவ்வளவு ஆசை.

விடிய முன்னரே, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பிரட்றிக் கோட்டைக்குள் போய்விட்டேன். புள்ளிமான்கள் வீதியிலேயே படுத்திருந்தன. கோயிலுக்குள் படம் எடுக்கவில்லை, வெளியே நிற்கிற பெரிய சிவன் சிலையைக் கேட்டுவிட்டு எடுத்தேன். சாதாரண கமெராவை மேலே சரித்தால் சிலை பின்பக்கம் சாய்ந்த மாதிரி வரும். இதில் கமெரா நேராகவே நிற்க, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் போதும், சிலை நிமிர்ந்து வந்துவிடும். கறுப்புத் துணிக்குள் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியையும் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். "ஐயோ தம்பி, சாமி தலைகீழா எல்லோ இருக்கிறார்!" என்று பதறிப்போனார். லென்ஸ் அப்படித்தான் காட்டும், படம் நேராக வரும் என்று சொன்ன பிறகுதான் சிரித்தார்.

உண்மையில் நான் தேடிப் போனது இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரத்தை. சின்னச் சின்ன மரத்தொட்டில்கள், பின்னால் கிழக்குக் கடல், சூரியன் அப்போதுதான் ஏறுகிறது. ஃபிலிம் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ், ஒளியை வாங்கும் வேகம் ஐ.எஸ்.ஓ 125. வானம் வெளிறிப் போகாமல் இருக்க ஒரேஞ் ஃபில்டர் போட்டால் இரண்டு ஸ்டொப் ஒளி போய்விடும் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பது). லென்ஸின் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 22இல் வைக்க, கணக்கு 2 விநாடிக்கு வந்தது. ஒரு விநாடியைத் தாண்டினால் ஃபிலிமின் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதால் 2.4 கொடுத்தேன். அந்த நேரத்தில் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கிழக்குக்காரருக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு, மலைநாட்டைத் தாண்டிக் காய்ந்து சூடாகி வருகிற தென்மேற்குக் காற்று அது. தொட்டிலும் ஆடியது, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மடிந்து நீள்கிற கமெராத் துருத்தியும் ஆடியது.

இதனால்தான் சொல்கிறேன், ஃபிலிமை எடுத்த ஊரிலேயே கழுவுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகக் கழுவலாம் என்று பலர் சொல்வார்கள். வீட்டில் போய்ப் பார்த்துப் படம் கலங்கியிருந்தால் திரும்ப பஸ் காசுக்கு எங்கே போவது?

கஷ்டம் என்னவென்றால் வெக்கை. ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவருகிற மருந்தான டெவலப்பருக்குப் புத்தகக் கணக்கு 20 பாகை செல்சியஸ், என் அறையில் குழாய்த் தண்ணீரே 30க்குக் கிட்ட இருந்தது. மீன் வாடியில் ஒரு வாளி ஐஸ் வாங்கினேன், மலிவு. ஐஸைப் பைகளில் கட்டி வெளிப் பாத்திரத் தண்ணீரில்தான் போட வேண்டும், மருந்துக்குள் போட்டால் அது ஐதாகிவிடும். அப்புறம், 20க்கு இறக்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் 24இல் வைத்தேன். ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் எஃப்பி4க்கு 20 பாகையில் 11 நிமிடம், 24இல் சுமார் 8. எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம், குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போனால் ஃபிலிமின் பூச்சு சுருங்கி வெடித்துவிடும். குளியலறைக் கதவின் கீழ் இடுக்கைச் சாரத்தால் அடைத்து, இருட்டில் ஷீட்டின் ஓரத்து வெட்டுக்குறியை விரலால் தடவி (அது வலது மேல் மூலையில் இருந்தால் பூச்சு உங்கள் பக்கம்) நான்கு ஷீட் கொள்ளும் டாங்கில் போட்டேன். கழுவி முடிந்ததும், தூசி அடங்க முதலில் ஷவரைத் திறந்துவிட்டு, பிறகு ஷீட்டுகளை உடுப்புக் கிளிப்பில் காயத் தொங்கவிட்டேன்.

சிவன் அருமை. தொட்டில் மரம் முழுக்கக் கலங்கல்.

அடுத்த காலை திரும்பப் போனேன். இந்த முறை அதைவிட வேகமான எச்பி5 ஃபிலிம், ஐ.எஸ்.ஓ 400, ஃபில்டர் இல்லை, எஃப் 16, பதினைந்தில் ஒரு விநாடி. தேங்காய்க் கடைக்கார அண்ணன் தன் பெரிய குடையை விரித்துக் காற்றை மறைத்துப் பிடித்தார், காசு கொடுத்தும் வாங்கவில்லை. தொட்டில் கயிற்றின் முறுக்குக்கூட நெகட்டிவில் எண்ணலாம்!

இறங்கி வரும்போது கோட்டை வாசல் கல்வெட்டு. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள், குளக்கோட்டன் என்கிற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்கிற வரியும் செதுக்கிய இரட்டை மீனும் அந்த வாசலில் இன்னும் இருக்கின்றன. பக்கவாட்டு வெயில் விழும்போது எடுத்தால்தான் எழுத்து எழும்பும். கிட்டப் போனதால் துருத்தி 150 மி.மீட்டரிலிருந்து 210க்கு நீண்டது, அதற்கு ஒரு ஸ்டொப் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் மானுக்கும் கடலுக்கும் முன்னால் எல்லோரும் நின்று பார்க்க வேண்டியது இந்தக் கல்லைத்தான்.

பசி. சந்தைப் பக்கத்துச் சின்னக் கடையில் பிட்டும் நண்டுக் கறியும். உறைப்பில் கண்ணீர் வந்தது, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன். இந்தப் பயணத்தில் செலவழித்த காசில் ஒரு சதமும் வலிக்காத இடம் அதுதான்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஓட்டோக்காரர் ஒருவர் போய்வர 3000 ரூபா கேட்டார். அது நகரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர்தான்! பஸ்ஸில் போனேன். ஏழு கிணறும் குளிக்க நல்லம், ஆனால் கூட்டத்துக்கு நடுவில் முக்காலி வைக்க இடமில்லை, கமெராவைத் திறக்கவேயில்லை. புறாமலை என்கிற தீவுக்குப் படகுக் காசும் தேசியப் பூங்கா ரிக்கெற்றும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் காசை எச்பி5 பெட்டிக்கு ஒதுக்கிவிட்டு இரவு பஸ் ஏறினேன், இந்த முறை சாமானுக்கு ரிக்கெற் கேட்கவில்லை.